அறுபத்தொன்றாம் பக்கம்

எழுபது பிரதி அடித்தோம்.
ரங்கூன் அச்சகத்தில் கரண்டு நின்று நின்று வந்ததில்
பாதிப் புத்தகம் கறுப்பு, மீதி சாம்பல்.
பெகு ரயிலடிக்குப் பின்னால் எங்கள் தெரு:
முப்பத்தெட்டு வீடு, ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல்,
சண்டை போட்டுக்கொள்ளும் மூன்று டீக்கடை.
அரிசி ஆலைக் கணக்கை முடித்த பிறகு
பழைய பில் புத்தகங்களின் முதுகில்
நான்கு வருஷம் எழுதினேன்.

எழுதும்போதே ஆளுக்கொரு நிபந்தனை.
‘பேரைப் போடு, தொழிலைப் போடாதே’
என்றாள் இரண்டு நம்பர் சீட்டு எழுதும் வேம்பு.
ஊ தின் மாவுங்குக்கு
அடையாள அட்டையில் ஒரு பெயர்,
அர்ச்சனைத் தட்டில் இன்னொரு பெயர், இருளப்பன்.
எதைப் போட என்று கேட்டேன்.
‘கடன்காரனுக்கு எது தெரியாதோ அதை.’

வெள்ளம் வந்த கதையை
மஸ்தான் கனி கடைச் சுவரிலிருந்து எடுத்தேன்.
கரிக்கோடு.
என் மார்பளவு.
அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.

புத்தகம் வந்த மூன்றாம் நாள்
சங்கிலிமுத்து வாசலில் நின்றார்.
சாக்கடைத் தகராறில்
ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.
கைலியை இறுக்கிக்கொண்டு
விரலை அடையாளமாக வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்:
‘அறுபத்தொண்ணு. என் நாய் இருக்கு.
நான் எங்கே?’

உண்மைதான்.
தெருமுனையில் படுத்திருக்கும் செவலை,
ரயில் ஊதினால் பதிலுக்கு ஊளையிடும்,
இடது காது மட்டும் நிமிராது.
அவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தேன்,
யாருடைய நாய் என்பதைத் தவிர.

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொய்.
மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருந்தேன்.
நல்லதாக எழுதக் கை வரவில்லை.
கெட்டதாக எழுதினால்
எல்லா வாக்கியமும் சாக்கடைக்கே போய் விழுந்தது.

‘ஒரு வரி போதும்.’
என்ன வரி என்றேன்.
வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு
மாற்றும் நேரம் யோசித்தார்.
‘நாய்க்குச் சோறு வைக்கிறவன்னு போடு.’

பேனாவை எடுத்துக்கொண்டு
மறுபடியும் வீடு வீடாக இறங்கினேன்,
எழுபது பிரதியிலும் கையால் சேர்க்க.
போன இடமெல்லாம்
எனக்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள்.

வேம்பு தன் பெயருக்குக் கீழே
பர்மிய எழுத்தில், உருண்டை உருண்டையாக,
தொழிலை அவளே சேர்த்திருந்தாள்.
இருளப்பன் அந்த இன்னொரு பெயரின் மேல்
மகளின் பள்ளிக்கூடப் போட்டோவை ஒட்டியிருந்தார்.
மஸ்தான் கனி வெள்ளத்தின் பக்கத்தைக் கிழித்து
கரிக்கோட்டுக்கு நேராகச் சுவரில் பதித்திருந்தார்.
‘பெட்டிக்குள்ள இருந்தா யார் படிப்பா?’

ரெங்கநாயகி வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.
அவளுக்குத் தமிழ் படிக்க வராது.
பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.
‘மகன் தவசி மேசோட்டுக்குப் போனான்’
என்று நான் எழுதிய இடத்தில்
‘போனான்’ மேல் பென்சில் கோடு.
அருகே பையனின் கோணல் கையெழுத்தில்:
போயிருக்கிறான்.

நான்கு வருஷம் இலக்கணம் பார்த்துப் பார்த்து எழுதியவள் நான்.
அவள் டீ கொண்டுவந்தாள்.
அந்தப் பக்கத்தை மூடாமலே
வைத்துவிட்டு எழுந்தேன்.

அறுபத்தொன்பது பிரதி முடிந்தது.
எழுபதாவது என்னுடையது.
மை தீர்ந்துவிட்டது என்று
எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
இப்போதெல்லாம் வண்டி எப்போதாவதுதான் வருகிறது.
இன்று வந்தது.
ஊதியது.
செவலை பதில் சொன்னது.
சுவருக்கு அந்தப் பக்கத்தில்
அதை அதட்டும் குரல்,
பிறகு தட்டில் சோறு விழும் சத்தம்.