வெள்ளைக்கு எடைக்கல்

பகலெல்லாம் எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிறவன் நான்.
டவுண் மார்க்கெட்டில்
தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை
விரல்நுனியால் கண்டுபிடித்திருக்கிறேன்.
ஐம்பத்தைந்து அங்குல டிவி வந்த அன்று
கடைப்பையன் வைத்துத் தந்த 'விவிட்' வெள்ளையைப் பார்த்ததும்
அதே விரல் அரித்தது.
நீலம் அதிகம் போட்ட வேட்டி அது.

அளக்க வேண்டும். எதைக் கொண்டு?

மூன்று வடிகட்டி வைத்த சின்னக் கருவி
இருட்டிலும் சட்டென்று சொல்லும்.
ஆனால் வடிகட்டிக்கு வயசாகும்,
நம்மூர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே ஆகும்.
ஒளியை இழை இழையாகப் பிரிக்கும் பெரிய கருவி
நிறத்தில் சத்தியவான்,
விலை என் மூன்று மாதச் சம்பளம்.
கறுப்பைக் காட்டினால் மட்டும்
யோசித்துக்கொண்டே இருக்கும்,
பிறகு தப்பாகச் சொல்லும்.

மென்பொருளிலும் அதே தாவா.
ஒன்று இலவசம்: கறுப்பு ஜன்னலில் கட்டளை தட்டவேண்டும்,
ஒரு கோடு விட்டுப்போனால் மௌனம்.
இன்னொன்று காசுக்கு: பொத்தானெல்லாம் பளபளக்கும்,
உரிமமோ ஒரே கருவியின் எண்ணோடு தாலி கட்டிக்கொள்ளும்,
வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.
(புதுப்பிக்கச் சொல்வதற்குத்தான்
ஊரெல்லாம் என்னையும் திட்டுகிறது.)
இலவசத்தை எடுத்தேன்.
கணக்கை எப்படிப் போடுகிறேன் என்று
வயிற்றைத் திறந்து காட்டுகிற தராசு அது.

சின்னக் கருவியை வாங்கினேன், பெரியதை இரவல் கேட்டேன்.
மேலப்பாளையத்தில் பிளெக்ஸ் அடிக்கிற காஜா முகைதீன்
மை பார்க்க ஒன்று வைத்திருக்கிறார்.
"ரெண்டு ராத்திரிதான் வே.
சனிக்கிழமைக்கு நாலு பேனர் கெடக்கு."
அலுவலகத்தில் மூலக்கல்லை வைத்து மற்ற கல்லைத் திருத்துவதுபோல்
அதை வைத்து இதைத் திருத்தினேன்.

ஐப்பசி. மழை விட்ட ராத்திரி.
டிவியை அரை மணி சூடாகவிட்டு, விளக்கணைத்து,
சாம்பல் நிறத்தைப் பத்துப் பத்தாக ஏற்றினேன்.
எழுபதில் சிவப்பு எகிறியது.
கேபிளை ஆட்டினேன், கட்டளையை மாற்றித் தட்டினேன்,
முகம் தெரியாத மென்பொருள்காரனை வாய்விட்டு வைதேன்.
டார்ச் அடித்தால்
கருவிக்கும் திரைக்கும் நடுவில் ஈசல்.
தெருவில் வெளிச்சமிருந்த ஒரே சதுரத்துக்கு
விருந்தாளியாய் வந்திருக்கிறது.
மறுபடி பூஜ்யத்திலிருந்து.
தொண்ணூறில் கரண்ட் போனது.

மறுநாள் ராத்திரிதான் முடிந்தது.
பிரம்மசக்தி காலையில் பார்த்தாள்:
"மஞ்சக் காமாலை வந்த மாதிரில்லா இருக்கு."
ஆறாயிரத்து ஐந்நூறு, என்றேன்,
மேகம் கலந்த நடுப்பகலின் வெள்ளை.
"பாளையங்கோட்டைல எந்த நடுப்பகல்ல மேகம் கண்டிய?"

கல்யாண வீடியோவைப் போடச் சொன்னாள்.
மணவறையில் மாவு அப்பிய ஒரு முகம்.
"திருத்தின பொறவும் ஏன் இப்படி?"
திரையைத்தான் திருத்த முடியும்.
வீரவநல்லூர் வீடியோக்காரன்
அன்றைக்கே உன்னை வெளுத்துவிட்டான்.
அவள் படத்தை நிறுத்தினாள்.
தாலிச் சரட்டுக்கு மேலே, காதுக்குக் கீழே
அவன் கை எட்டாத ஒரு துண்டுக் கழுத்து.
வெகுநேரம் பார்த்தாள்.
"இது மட்டும் நான்."

ஆனாலும் ஏழரை மணி சீரியலுக்கு அவள் விவிட்தான்.
பத்து மணிக்கு மேல் என்னுடையது.
ஒரே கடையில் இரண்டு எடைக்கல்.
இதற்கு எத்தனை பேர் மேல் வழக்குப் போட்டிருப்பேன்.

காஜாவிடம் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெட்டியைத் திறந்து, வழக்கம்போலக் கண்ணாடியில் ஊதினார்.
ஒரு ஈசல் இறகு
மிதந்து மிதந்து மேஜையில் இறங்கியது.
எந்த அளவுக்கு முன்னால் அது உள்ளே போனதென்று
அவர் கேட்கவில்லை,
அவருக்குப் பேனர் அவசரம்.