பால் அமிலம்

மழைக்காலத்து மோல்மேன் ஆஸ்பத்திரி.
இரவு இரண்டு மணிக்குக் கரண்டு போனது.
ஜெனரேட்டர் இருமி இருமி எழும்வரை
செல்போன் வெளிச்சத்தில் நரம்பு தேடினேன்.

முடோன் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஐந்து வயது.
சீட்டில் மா தந்தா, வீட்டில் பவளக்கொடி.
ரெண்டும் ஒண்ணுதான் என்றாள் தாய்,
பர்மியத்தில் தந்தா என்றால் பவளம்.
எந்தப் பெயருக்கும் அவள் திரும்பவில்லை.
மூன்று நாள் மலேரியாக் காய்ச்சல், இரண்டு வலிப்பு,
இமை விலக்கினால் வெள்ளை.

திமிறி அழுகிற பிள்ளையிடம் எடுத்த ரத்தத்தில்
லாக்டேட் பொய்யாய் ஏறிக் காட்டும்.
அதனால் கிலுகிலுப்பை ஆட்டுவேன்,
ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பேன்.
இவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.
ஊசி இறங்கியது. ஒரு விரல்கூட மடங்கவில்லை.

ஒன்பது புள்ளி நான்கு.

இன்னொரு ஸ்ட்ரிப் கிழித்தேன். அதே எண்.
கொஞ்சம் அழுதிருக்கக் கூடாதா, பாவி,
நம்பாமல் இருந்திருப்பேனே.

ரத்தத்துல என்னங்க அது, என்றாள் செங்கமலம்.
பால் அமிலம் என்றேன்.
சட்டென்று தன் மார்பைக் குனிந்து பார்த்தாள்.
ஐயோ, அது இல்லை அக்கா,
குட்டிக் குட்டிக் குழாய்களைக் கிருமி அடைத்துவிட்டது,
காற்று வராத இடத்தில் உடம்பு
அடுப்பெரிக்கப் பார்க்கிறது,
அதன் புகை இது.

தன் நகத்தில் காய்ந்திருந்த ரப்பரை உரித்தபடி
கேட்டுக்கொண்டிருந்தாள்.
தட்டுல பால ஊத்தி ஆசிட் விட்டா உறையுமே,
அப்படியா?
அப்படி இல்லை. சொல்ல வாய் வரவில்லை.
உறைஞ்சது திரும்பப் பாலாகாதுங்க, என்றாள்.

ஆர்ட்டெசுனேட். குளுக்கோஸ். மறுபடி ஆர்ட்டெசுனேட்.
காலையில் ஏழு. மறுநாள் நாலே கால்.
அப்புறம் இரண்டு புள்ளி எட்டு.
எண் இறங்கி வந்தது, பிள்ளை ஏறி வரவில்லை.
மூளை தனிக்கணக்கு வைத்திருக்கும் என்றார் டாக்டர் நிலார்,
யாரையும் பார்க்காமல்.

நான்காம் நாள் விடியலில்
முழங்கைக்கு மேல் கட்டி, பஞ்சு வைத்துத் துடைத்து,
கிலுகிலுப்பையை எடுக்கக்கூடத் தோன்றாமல் குனிந்தேன்.
உதை. நேராக என் தாடையில்.
பர்மியத்தில் ஒரு கெட்ட வார்த்தை,
தமிழில் ஒரு அம்மா,
தகரக்கூரை மழையையும் அடக்கிய ஓர் அலறல்.
இரண்டு நர்சுகள் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது.

மூன்று புள்ளி ஒன்பது.

ஏன் மீண்டும் ஏறியது என்று
சிவப்பு மையில் சுழித்துத் தாள் திரும்பி வந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்,
வீங்கிய தாடையைத் தடவிக்கொண்டே எழுதினேன்:
அழுதாள்.