குறைகடத்தி

போகி விடியப்போகிற ராத்திரி, மணி மூன்று பத்து.
கொருக்குப்பேட்டை கேட் தாண்டி
குடிநீர் வாரியம் தோண்டி மூடாத குழிக்குள்
இடுப்பளவு நான்.
கருப்புக் கேபிளைச் செம்பென்று நம்பி அறுத்தவன்
உள்ளே கண்ணாடி இருக்கக் கண்டு
பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.
அவன் ஏமாற்றத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்:
இருபத்துநாலு மயிரிழை.
எடைக்கடையில் டீக்காசு பெறாது.

அவசரத்துக்கு மேலே ஒரு வழி வைத்திருந்தோம்.
காசிமேடு ஐஸ் பேக்டரி மொட்டைமாடியிலிருந்து
தண்டையார்பேட்டை அடுக்குமாடித் தண்ணீர்த்தொட்டி வரை
காற்றிலேயே பாயும் லேசர்,
தொள்ளாயிரம் மீட்டர்.
உப்புக்கல்லைவிடச் சின்னப் படிகம்;
அதற்குள் எலக்ட்ரான் ஒரு துளையில் விழ
விழுந்த இடத்தில் வெளிச்சம் பிறக்கும்,
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
காக்கை ஒன்று அதை ஊடறுத்துப் பறந்தால்
வண்ணாரப்பேட்டை வரைக்கும் படம் அரை நொடி உறையும்.
காக்கைக்கு ஒன்றும் தெரியாது.

இன்றைக்கோ டயரும் பாயும்
போன வருஷத்துச் சண்டையும்
தெருவுக்குத் தெரு எரிகின்றன.
"அக்கா, எதிர்மாடியே தெர்ல" என்றான் பெலவேந்திரன்
ஐஸ் பேக்டரி மேலிருந்து, இருமிக்கொண்டே.
"கைய நீட்னா கை தெர்ல. லேசர் இன்னா பண்ணும், பாவம்."
மைனஸ் இருபத்தெட்டு வரை கேட்கும்
அந்தப் பக்கத்துக் காது.
முப்பத்தொன்று.
முப்பத்தாறு.
பிறகு எண் இருந்த இடத்தில் ஒரு கோடு.

காது என்றா சொன்னேன்?
அவலாஞ்ச் டையோடு. பனிச்சரிவு என்று அர்த்தமாம்.
பனிச்சரிவை எந்தச் சரிவில் பார்த்தோம் நாங்கள்?
எனக்கு அது மீன் ஏலத்தில்தான் புரிந்தது:
ஒருத்தி "வஞ்சிரம் எண்ணூறு" என்று முனகுவாள்
அவளைக் கேட்டு நாலு பேர்
நாலைக் கேட்டு நாற்பது
வார்ஃப் முழுக்க இரைச்சல்.
ஒரு துளி ஒளி அதில் விழுந்து
இப்படித்தான் மின்சாரமாகும்.
முதல் ஆள் முனகவே இல்லையென்றால்
படிகம் என்ன செய்ய.

ஆகவே குழி.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு
ஒவ்வொன்றாய்த் தோலுரித்து
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
நேராய் நறுக்கி எதிரெதிரே வைத்தால்
ஒரு பொறி, அவ்வளவுதான்,
எது எந்தப் பக்கம் என்று பிறகு சொல்ல முடியாது.
இழப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
என் அக்காவும் நானும் பேசி ஏழு வருஷம்.

குறைகடத்தி என்று படித்தபோது
பொருள் வேறு:
முழுக்கக் கடத்தவும் செய்யாது, முழுக்க மறுக்கவும் செய்யாது.
வேலைக்கு வந்தபின் வேறு.
கன்ட்ரோல் ரூமில் ஹசீனா காதில்
அறுநூற்று நாற்பது குறை.
நெட் இல்ல.
தோஹாலேர்ந்து பேசினு இருந்தாரு, வாய் தொறந்தபடியே நின்ட்டாரு.
துறைமுக கேட்டுல லாரி நிக்குது, சீட்டு வர்ல.
அவள் எனக்குக் கடத்துவாள்
நான் கண்ணாடிக்கு.

பதினேழாவது இழையில் தெருமுனை மேளம் நின்றது.
பையன் ஒருவன் குழியோரம் குனிந்தான்.
கையில் அறுபட்ட கேபிள், ஓரடித் துண்டு.
"இத நெருப்புல போட்லாமா?"
"வேணாம்டா. கண்ணாடி. கையில ஏறிடும்."
அதைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.
"ஒண்ணுமே இல்லியே."
"இல்லாதப்ப அப்டித்தான் இருக்கும்" என்றேன்.
இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும்,
கண் மட்டும் போய்விடும்
என்பதைச் சொல்லாமல்
துண்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாலு ஐம்பதுக்கு ஹசீனா
"வந்துட்ச்சு" என்றாள், தூக்கத்தோடு.
தோஹாக்காரர் வாய் மூடியிருப்பார்.

ஏழு மணிக்குப் புகை கலைந்தது.
யாரும் கேட்காமலே
மாடியில் படிகம் எதிர்மாடியைத் தேடிப் பிடித்துக்கொண்டதாம்.
"இப்ப வந்து இன்னா பிரயோஜனம், அக்கா?"
இருமினான் பெலவேந்திரன்.
"அணைச்சிடட்டா?"
இருக்கட்டும் என்றேன்.