மூன்றாம் மாடியின் நேர்த்திக்கடன்

வேண்டிக்கொண்டது சுகந்தா மேடம்,
மூன்றாம் மாடி, பெரம்பூர்.
மகனுக்கு விசா கிடைத்தால்
வாசலிலிருந்து ஏழுமலை அடிவாரம் வரை நடை.
விசா வந்தது. முட்டிக்கு ஆபரேஷனும் வந்தது.
நடப்பது நான், அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன்.
ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு, கையில் நாலாயிரம்,
மஞ்சள் துணியில் முடிந்த
அவர்கள் வீட்டு ஒற்றை ரூபாய்.

ஊருக்கு ஊர் வீடியோ கால்.
திருத்தணியில் காலைக் காட்டச் சொன்னார்கள்.
கொப்புளத்தைப் பார்த்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லை தாண்டியதும்
பலகைகளில் எழுத்து சுழித்துக்கொண்டது.
டீக்கடை வசவு மட்டும் தமிழிலேயே இருந்தது.
நகரிக்குள் தெருவெல்லாம் விசைத்தறி.
சத்தம் காதில் விழவில்லை,
புண்ணில் விழுந்தது.

சிட்டிபாபு என்றொருவர், பனியன் முழுக்கப் பஞ்சு,
மோர் ஊற்றினார்.
"தாகண்டி சாமி, உப்பு போதுமா?"
ஒரே மூச்சில் இரண்டு பாஷை.
போனை வாங்கித் தறிக்குப் பக்கத்தில் செருகினார்.
அப்போதுதான் கரண்ட் போனது.

அவ்வளவு தறியும் ஒன்றாக வாயை மூட
திடுக்கிட்டேன்,
டூட்டியில் தூங்கிப்போன மாதிரி.
"அரை மணி ஆகும். ஆத்துக்குப் போயிட்டு வாங்க."

குசஸ்தலை.
ஆறு என்றால் மணல்,
நடுவே வேட்டிக்கரை அகலத்துக்குத் தண்ணீர்.
பாலத்தின் மேல் கோவிந்தா கோவிந்தாவென்று
மஞ்சள் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.
கீழே நான் காலை விட்டேன்.
பொடிமீன்கள் வந்து
கொப்புளத்தின் ஓரத்தைத் தின்றன.
எதிரே நகரி மலை,
மூக்கு மட்டும் வெயிலில்.

என் பங்குக்கு ஏதாவது கேட்கலாம்தான்.
இல்லாமலா? சின்னவளின் காது,
மூன்று மாத வாடகை,
தம்பி எங்கே இருக்கிறான் என்பது.
ஒன்றையும் எடுத்து நீட்டத் தோன்றவில்லை.
முடிச்சு நனையாமல்
மடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

ஆற்றுமணல் வரை கேட்டது
தறிகள் திரும்ப ஆரம்பித்தது.

பதினோரு தவறிய அழைப்புகள்.
"எங்க போனீங்க? சாமி காரியம்."
கரண்ட் இல்லை மேடம் என்றேன்.
நாளைக்குப் புத்தூர்,
எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட இறங்கும் ஊர் என்றேன்.
சிரித்தார்கள்.
காலைக் காட்டச் சொன்னார்கள்.
"என்ன, ஈரம்?"

மோர் கொட்டிவிட்டது என்றேன்.
ஆற்றில் நின்ற அரை மணி
யாரும் நேர்ந்துகொண்டது இல்லை.