மூலை முறிந்த எழுத்து

எனக்கு எபிரேயம் தெரியாது.
பத்தொன்பது ஆண்டுகள் கோத்தேன்.

ரோஸ்டாக்கில் மீன் சந்தைக்குப் பின்சந்து,
அச்சுக்கூடத்தின் வடக்குச் சன்னல் என்னுடையது.
பேராசிரியர் ட்ரேவெஸ் தம் அகராதியைத்
தாள் தாளாக எழுதி அனுப்புவார்.
தை மாதக் குளிரில் மை உறைந்துபோனால்
பென்சிலில் வரும்.
சில தாள்களில் வெண்ணெய்க் கறை.
மூன்று பிள்ளைகளை ஒரே மாதத்தில் அடக்கம் செய்த ஆண்டு
ஒன்றும் வரவில்லை.
பிறகு வந்தது,
லாமேத் எழுத்தின் இரண்டாம் சொல்லிலிருந்து,
விட்ட இடத்திலேயே.

வலமிருந்து இடம் போகும் மொழி.
ஈயத்திலோ எழுத்து கண்ணாடிபோல் திரும்பி நிற்கும்;
ஆகவே என் கையில் மட்டும் மோசேயின் மொழி
எங்கள் ஜெர்மனைப் போல இடமிருந்து வலம் நடந்தது.
இதைச் சொன்னபோது பேராசிரியர் சிரித்தார்.
அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

ஓசை தெரியாதவன் உருவத்தைத் தடவி அறிவான்.
தாலேத்துக்குப் பின்தலையில் கூர் மூலை.
ரேஷும் அதே தான், மூலை மட்டும் வளைவு.
ஓரத்தில் எழுதுவார்:
"கார்ஸ்டென், கவனம்.
தாலேத் வைத்தால் எஹாத், ஒருவர்.
ரேஷ் வைத்தால் அஹேர், வேறொருவர்.
நகக்கண் அளவு இடத்தில் என் விசுவாசம் நிற்கிறது."

பெந்தெகொஸ்தே சந்தைக்குப் புகையிலை கொண்டுவந்தான் ஃபைவெல்.
யூதனுக்கு இந்நகரில் இராத்தங்கல் இல்லை.
மூட்டையில் இருந்த ஜெபப் புத்தகம்
சுங்கக்காரன் கையிலிருந்து நகரசபைக்கும்
அங்கிருந்து இறையியல் பேராசிரியர்களிடமும் போயிற்று.
அரைகுறை எபிரேயத்தோடு ஒரு போதகர்
ஏழாம் பக்கத்தில் விரலை ஊன்றினார்:
"நம் தேவன் வேறொருவர் என்று அச்சிட்டிருக்கிறான்.
எரிக்க வேண்டும்."

ட்ரேவெஸ் குனிந்து பார்த்தார். நெடுநேரம்.
ஞானஸ்நானம் பெறச் சொல்லி
அதே ஃபைவெலுக்கு மூன்று கடிதம் எழுதியவர் அவர்,
பதில் வராததில் கசந்தும் போனவர்.
அவரைப் புனிதராக்க நான் வரவில்லை.
"என் கண் போதாது" என்றார்,
"அச்சுக்கோப்பவனைக் கூப்பிடுங்கள்."

கறுப்பு அங்கிகளுக்கு நடுவே
மை அப்பிய ஏப்ரனோடு நின்றேன்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
ரேஷின் முதுகு வார்ப்பிலேயே வளைந்தது,
வழவழவென்று இருக்கும்.
இது தரையில் விழுந்த தாலேத்.
முறிந்த இடத்தில் ஒரு முள், பாருங்கள்.
இதே முள் பதினோராம் பக்கத்தில் ஒரு தடவை,
முப்பதில் ஒரு தடவை.
அந்த அச்சுக்காரன் ஏழை, ஐயா.
மாற்ற வேறு எழுத்து அவனிடம் இல்லை.

போதகர் ஏட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
வாய் திறக்கவில்லை.
"ஒருவர்" என்றார் ட்ரேவெஸ், தொப்பியை எடுத்துக்கொண்டு.

ஃபைவெல் தப்பினான் என்று நினைக்காதீர்கள்.
சுங்கம் குறைவாய்க் கட்டினான் என்று
அன்று மாலையே கோட்டை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.
புத்தகம் எங்கள் கூடத்தில் ஓராண்டு கிடந்தது.
பேராசிரியரின் மனைவி டொரத்தேயா
அதைச் சாக்குத் துணியில் சுற்றி
ஒரு ஹெர்ரிங் வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினாள்.
போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

அகராதி கோஃப் எழுத்தோடு நின்றது.
அடுத்தது ரேஷ்;
அதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார்.
அடக்க ஆராதனையில் ஆயிரம் பக்கம் என்று புகழ்ந்தார்கள்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

அவர் மேசையைக் காலி செய்ய என்னை அழைத்தார்கள்.
சொந்தப் பிரதியில், ஆலேஃப் பகுதியில்,
ஒரு பக்கம் மடித்திருந்தது.
எஹாத் என்ற சொல்லுக்குக் கீழ்
நான் ரேஷ் வைத்திருக்கிறேன்.
புரூஃபில் அவரும் பார்க்கவில்லை.
அப்படியே அச்சேறி, தைத்து,
லைப்ஸிக் வரை விற்றுப்போயிற்று.

பேனாவால் ஒரு சின்ன மூலை போட்டிருந்தார்.
பக்கத்தில் தேதி:
விசாரணைக்கு முந்தின இரவு.

என்னிடம் சொல்லவே இல்லை.