எத்தனை ஜோடி

பெய்ரா துறைமுகம், ஏழாம் கிடங்கு.
நான் ஃபெலிஸ்மினா. அடுத்தவர் சரக்குக்குக்
கையெழுத்துப் போட்டுப் பிழைப்பவள்.

கெண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்று
தானமாக அனுப்பிய பெட்டி.
உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு கால்கள்.
முட்டியில் எஃகு. மண் நிறத்தில் சில,
எங்கள் ஊரில் எவர் தொடையோடும் சேராத
இளஞ்சிவப்பில் பல.

"செயற்கை உறுப்பு, தொண்ணூறு இருபத்தொன்று,
வரி இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.
பரிசோதனை அதிகாரி அனிசெட்டோ சிமாங்கோ
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.
"கால்களுக்கு இல்லைதான்.
எழுபத்தொரு கால்கள் ஷூ மாட்டிக்கொண்டு
வந்திருக்கின்றனவே, அம்மணி."

மசூதியென்றால் வாசலிலேயே விட்டிருக்கும்.
இது துறைமுகம்.
பழைய ஷூவுக்கு எண் வேறு, வரி வேறு,
புகையூட்டிய சான்றிதழ் வேறு.

கணினியில் ஒரு கட்டம்: எத்தனை ஜோடி?
எழுபத்தொன்றை இரண்டால் வகுத்தோம்.
முப்பத்தைந்தரை.
அரையைத் தொட்டதும் கட்டம் சிவந்தது.
அதுவும் போக, இடது நாற்பத்தாறு, வலது இருபத்தைந்து,
ஒன்றுக்கொன்று அளவு சேராது,
ஒன்றையொன்று முன்பின் பார்த்ததும் கிடையாது.
இவற்றின் ஜோடி எங்கே என்கிறது சட்டம்.
எங்கே இருக்கும்?
உயிருள்ள இன்னொரு காலில், கெண்டின் மழையில்
தேய்ந்து முடிந்திருக்கும்.

அப்படியே பன்னிரண்டு நாள்.
கப்பல் கம்பெனிக்கு
ஞாயிற்றுக்கிழமைக்கும் வாடகை உண்டு.
டோண்டோ ஆஸ்பத்திரியிலிருந்து தினம் ஒரு போன்.
எடுக்காமலிருக்கப் பழகினேன்.

பதின்மூன்றாம் நாள் வழி பிறந்தது:
"கழற்றுவோம். ஷூவை எரித்துவிடலாம்.
கால்கள் போகட்டும்."

தரையில் உட்கார்ந்தோம், அவரும் நானும்.
யாரோ எங்கோ போட்ட இரட்டை முடிச்சு.
மூன்றாவதன் அடியில் சூயிங்கம்.
நான்காவதில் விலைச்சீட்டு,
ஒருநாளும் நடந்திராத கால்.
ஐந்து.

ஆறாவது ஒரு குழந்தையுடையது. நீலம். வரவில்லை.
நான் காலைப் பிடிக்க, அவர் ஷூவை இழுக்க,
இருவருக்கும் வேர்த்ததுதான் மிச்சம்.
பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார்.
விரலில் எச்சில் தொட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
பிரிக்க முடியாத பொருள்
எதனால் அது அதுவாகிறதோ
அதன் பேரிலேயே போகும்.
"இது எதனால் இது?" என்று கேட்டார்.
"காலால்" என்றேன்.
எழுதினார்:
பிரிக்க இயலாது. கால் எனக் கொள்க.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.
"சாப்பிடப் போகிறேன். இன்று இறால். நேரமாகும்."
பத்தே முக்காலுக்கு யாரும்
இறால் சாப்பிடப் போவதில்லை.
சாவி மேசைமேலேயே கிடந்தது.

முன்யாவா சந்தைக்கு ஓடினேன்.
மஞ்சள் குழாயில் பசை, முப்பது மெட்டிகல்.
இருபத்திரண்டு கேட்டேன்.
"படகு ஓட்டையா?" என்றான் கடைக்காரன்.
ஆமாம், பெரிய ஓட்டை.

மூன்று மணிக்கு வந்தார். மூக்கைச் சுளித்தார்.
ஒன்றும் சொல்லாமல் சன்னலைத் திறந்தார்.
ஒரு காலை எடுத்து
இழுத்ததுபோல ஒரு இழுப்பு.
இதுவும் வரவில்லை. இதுவும்.
இருபதுக்கு மேல் தொடவே இல்லை.
அறுபத்தாறு என்று எழுதி முத்திரை குத்தினார்.
குத்திய விரலில் கொஞ்சம் பசை.

முதல் ஐந்து மட்டும் எரிந்தன.
எரிப்புச் சான்றிதழில் ஜோடி கேட்பதில்லை,
எடை போதும்.
இரண்டு கிலோ முந்நூறு.

லாரி போய்விட்டது.
கிடங்கு வாடகையை ஆஸ்பத்திரிக்கே பில் போட்டேன்,
திட்டினார்கள், கட்டினார்கள்.
பசைக்கடைச் சீட்டு மட்டும் இழுப்பறையில் இருக்கிறது.
அறுநூற்று அறுபது மெட்டிகல்.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எடுத்துப் பார்த்துவிட்டு
உள்ளே வைக்கிறேன்.