இடது கை, இரண்டாவது நிப்பிள்

லோடரில் மொத்தம் பன்னிரண்டு கிரீஸ் நிப்பிள்.
பதினொன்று குடிக்கும்.
இடது கை, மேலிருந்து இரண்டாவது
கழுத்தோடு முறிந்து
மரை மட்டும் உள்ளே கிடக்கிறது.

முக்கூடலில் இன்று சூளைக்கு லீவு.
மழை பிடிக்கும் என்று பச்சைக் கல்லையெல்லாம்
தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.
வண்டியைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்தேன்.
பக்கெட்டைத் தரையில் படுக்கவைத்து
இன்ஜினை அணைத்து
லீவரை முன்னும் பின்னும் ஆட்டி
ஓஸுக்குள் அடைந்திருந்த மூச்சை இறக்கினேன்.
இப்படி இறக்கிவிட்டுத்தான் கைவைப்பான் சிவனணைஞ்சான்.
அவனைத்தான் போன மாசம் நிறுத்தினேன்.

பின் லேசில் வரவில்லை.
பலகை கொடுத்துச் சம்மட்டியால் அடிக்க அடிக்க
பக்கத்து வளவில் பீடி சுற்றுகிறவர்கள்
தட்டோடு எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.
"ஏட்டி வடிவு, வீட்டையா இடிக்கே?"
பதில் சொல்ல மூச்சில்லை.
வெளியே விழுந்த பின்
ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.
துரு. செங்கல் தூள்.
பொட்டு கிரீஸ் இல்லை.

பார்த்தியா, அடிக்கவே இல்லை, சவம்,
என்று அவனை இன்னொரு தடவை வைதேன்.
நோட்டில் வாரத்துக்கு ஒரு டிக் போட்டிருக்கிறான்,
பதின்மூன்று டிக்.
ஒன்றுக்கு நூறு வீதம் பிடித்துக்கொண்டுதான்
கணக்கு முடித்தேன்.

முறிந்த மரையின் நடுவில் துளை போட்டு
பேட்டையில் வாங்கிவந்த ஈசி-அவுட்டை இறக்கினேன்.
இடப்பக்கம் திருப்பத் திருப்பக் கடிக்கும்.
பேரில்தான் ஈசி.
மண்ணெண்ணெய் விட்டு, பீடிக் கட்டு ஒன்று முடிகிற நேரம் காத்திருந்து
மறுபடி திருப்பினேன்.
கடுக்கன் அளவுதான் இருந்தது வெளியே வந்தது.

உள்ளே பிசிறு இருக்குமே என்று
பீடித் தலை மடிக்கிற கம்பியை அந்த ஓட்டையில் விட்டேன்.
பின் இருந்த குழிக்குள் என் இன்னொரு விரல்
அதற்காகக் காத்திருந்தது.
கம்பி வரவில்லை.
நடுவழியில் எதிலோ முட்டி நின்றது.

டார்ச்சு அடித்தேன்.
புஷ்ஷின் மொட்டைச் சுவர்.
ஓட்டை இருக்கிறது அதிலும்,
ஆனால் கால் சுற்று தள்ளி,
வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டு.
எனக்கு முந்தி வைத்திருந்த வள்ளியூர்க்காரரோ
அவருக்குப் புஷ் மாற்றிக்கொடுத்த பட்டறையோ
எவரோ திருப்பிப் போட்டு அறைந்திருக்கிறார்கள்.
எவ்வளவு அடித்தாலும் போகாது.
போயிருக்கவே முடியாது.

"அக்கா, இதுக்குள்ள போவமாட்டேங்கு.
வாயிலேயே கக்குது."

நான் அன்றைக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தேன்.
தலை தூக்காமல் சொன்னேன்:
"கை வலிக்கோ? நல்லா அமுக்கு."

அமுக்கியிருக்கிறான்.
கழுத்து முறிகிற மட்டும்.

அதே துளை வழியாகப் புஷ்ஷையும் துளைத்தேன்.
சுருள் சுருளாக வந்த இரும்பைத் துணியில் ஒற்றி எடுத்து
டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பி மரை வெட்டினேன்.
வாங்கிவைத்த நிப்பிள் ரெண்டு சுற்றில் இறுகிவிட்டது:
அது எம்எம், இது இஞ்சு.
டப்பாவைக் கொட்டித் தேடியதில்
பழசு ஒன்று, வாய் நசுங்காதது, அகப்பட்டது.
பின்னைத் தட்டி ஏற்றிவிட்டுக் கன்னை மாட்டினேன்.
மூன்று அமுக்கு, ஒன்றுமில்லை.
நாலாவதில் கைப்பிடி கனத்தது.
பின்னின் ஓரத்தில் முதலில் கறுப்பாக ஒரு கோடு,
அப்புறம் செங்கல் நிறம்,
அப்புறம் புதுக் கிரீஸின் மஞ்சள்.

என் விரலைப் போன் ஒத்துக்கொள்ளவில்லை.
சேலையில் துடைத்தும் ஒத்துக்கொள்ளவில்லை.
கடைசியில் மூக்கால் தொட்டு நம்பர் போட்டேன்.
எடுத்தான்.
பின்னால் யார் சூளையோ, யார் வண்டியோ,
சத்தமில்லாமல் தூக்கி இறக்குகிற வண்டி.
எங்கே ஆரம்பிக்க என்று தெரியாமல்
"இடது கை, ரெண்டாவது" என்றேன்.

"போவலைல்லா?" என்றான்.

ஆயிரத்து முந்நூறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
"அடிச்சிட்டு பக்கெட்டை ரெண்டு தடவை தூக்கி இறக்குங்க,
அப்பதான் சுத்திப் பரவும்"
என்று சொல்லி வைத்துவிட்டான்.

தூக்கினேன்.
இறக்கினேன்.
மழையும் வரக் காணோம்.